உன் தேள்களோடு நாங்கள் இருந்த வருடம்

மகள்,

நீ விமானம் ஏறிய மறுநாளே இங்கே மழை பிடித்துக்கொண்டது. மத்தியானம் வரைக்கும் வெயில் கொளுத்துகிறது. பிறகு ஹந்தானை மலைப் பக்கம் இருட்டிக்கொண்டு வருகிறது. கடையில் நான் சேலையை விரித்துக் காட்டிக்கொண்டிருக்கும்போதே இடி விழுகிறது, வாங்க வந்தவர்கள் வெளியே போக முடியாமல் இன்னும் நாலு சேலையை எடுக்கச் சொல்கிறார்கள். மழை விட்ட பிறகு பஸ் ஏறி, கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் இறங்கி நடந்து வருகிறேன். மகாவலி கலங்கி ஓடுகிறது. வீட்டுக்கு வந்ததும் முதலில் உன் அறைக்குத்தான் போகிறேன். நீ இருக்கிறாய் என்ற பழக்கம் கால்களை விட்டு இன்னும் போகவில்லை.

நீ இங்கே இருந்த நாட்களில் நாம் அதிகம் பேசவில்லை. மூன்று தேள் பெட்டிகள் இருந்த இடத்தில் ஒரு பெட்டிதான் இருப்பதை வந்த அன்றே பார்த்தாய். மற்ற இரண்டு தேள்களும் செத்த செய்தி உனக்கு அப்போதே போயிருந்தது. ஆனால் எப்படி, என்ன நடந்தது என்று நீ கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. சொல்லத் தொடங்கினால் தேள்களோடு நிற்காது, உன்னைப் பற்றியும் பேச வேண்டி வரும் என்று பயந்தேன். இப்போது நீ தூரத்தில் இருக்கிறாய், என் முகம் உனக்குத் தெரியாது. அதனால் எழுதுகிறேன். இந்த ஊரில் பாதி வீடுகளில் பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். இதை அந்தத் தாய் தகப்பன்மார் வாசித்தாலும் எனக்கு வெட்கமில்லை.

உனக்குத் தெரிந்த கதையையும் என் பக்கத்திலிருந்து சொல்லிவிடுகிறேன். நீ பேராதனையில் விலங்கியல் படித்து முடித்த வருடம், பக்கத்து வீட்டு ரசீன் நானா தன் வீட்டுக்குப் பின்னால் இருந்த மண்மேட்டை பெக்கோ இயந்திரம் வைத்து வெட்டினார். வெட்டிய மண்ணுக்குள்ளிருந்து நட்டுவாக்காலித் தேள்கள் வந்தன. கறுப்பு, ஒவ்வொன்றும் என் உள்ளங்கை நீளம், நண்டு மாதிரி கொடுக்கு. வேலைக்கு வந்தவர்கள் மண்வெட்டியால் அடிக்கத் தொடங்கினார்கள். நீ குளியலறையில் இருந்த பிளாஸ்டிக் பேசினைத் தூக்கிக்கொண்டு ஓடினாய்.

"அடிக்காதீங்க! கொஞ்சம் நில்லுங்க, நான் எடுக்கிறேன்!"

"மகள், கிட்டப் போக வாணாம், வெசம் அது!" என்று ரசீன் நானா மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து கத்தினார்.

"தேனீ குத்துற மாதிரித்தான் அங்கிள் இருக்கும். சாகிற வெசம் இல்ல."

மூன்றைத்தான் காப்பாற்ற முடிந்தது. உன் அம்மா பேசினைப் பார்த்துவிட்டு வாசற்படியிலேயே நின்றாள். "பொம்பளப் பிள்ள வளக்கிற சாமானா இது? ஒரு பூனக்குட்டி வளத்தா என்ன?" என்றாள். மேட்டுக்குக் கொங்கிறீட் பூசப் போகிறார்கள், இனி அங்கே விட இடமில்லை என்று நீ சொன்னாய். பெரிய பெண் தேளுக்குப் பெரியவள் என்றும், ஒரு கொடுக்கு நுனி உடைந்திருந்ததற்கு மொட்டையன் என்றும், இன்னும் முழுதாக வளராத ஒன்றுக்குச் சின்னவன் என்றும் பெயர் வைத்தது அம்மாதான். திட்டிக்கொண்டே வைத்தாள். பெயர் வைத்த பிறகு யாராலும் வெளியே வீச முடியாது என்று அவளுக்கு அப்போது தோன்றவில்லை.

பின்லாந்தில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்து நீ புறப்பட்டபோது, உடுப்புப் பெட்டி கட்டியதைவிட எனக்குப் பாடம் எடுத்ததுதான் அதிகம். தேங்காய்த் தும்புத்தூள் ஒரு சாண் உயரத்துக்கு இருக்க வேண்டும், கையால் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், ஆனால் தண்ணீர் வடியக் கூடாது. ஒளிந்துகொள்ள உடைந்த பூச்சட்டித் துண்டு. தண்ணீருக்குப் போத்தல் மூடி. கிழமைக்கு ஒரு கரப்பான். ஒன்றை மற்றதன் பெட்டியில் விடவே கூடாது. "கஷ்டம் என்னன்னா அப்பா, நீங்க செய்ய வேண்டியது ரொம்பக் கொஞ்சம். ஒண்ணும் செய்யாம இருக்கத்தான் உங்களுக்கு ஏலாது" என்று சிரித்தாய். நான் தலையாட்டினேன். அந்தச் சிரிப்பைத்தான் பிறகு மாதக்கணக்கில் தேடினோம்.

நீ போன முதல் மழைக்காலம் பரவாயில்லை. ஒவ்வொரு நாளும் போனில் வந்தாய். இங்கே எல்லாம் நனைந்து கிடந்தது. அலுமாரிக்குள் என் பெல்ட் பூஞ்சணம் பிடித்தது, அம்மாவின் சேலைகளில் ஈரவாடை. பெட்டிகளிலும் வெள்ளை வெள்ளையாகப் பஞ்சு மாதிரி முளைத்தது. நீ வீடியோவில் பார்த்து, தண்ணீர் தெளிப்பதை நிறுத்தச் சொன்னாய், மண்ணை மாற்றச் சொன்னாய். அடுப்படியில் தும்புத்தூளைப் பரப்பிக் காயவைத்தோம். அம்மா அதற்குப் பக்கத்திலேயே ரொட்டி சுட்டாள், "இன்னைக்கு எல்லாருக்கும் சமையல்" என்று முணுமுணுத்தாள். மொட்டையனின் கால் மூட்டுகளில் ரவை ஒட்டினாற்போல ஏதோ இருந்தது. சிலந்தி மாதிரி சின்ன உண்ணிகள் என்றாய். ஈரத்துணியால் துடைக்க முடியுமா என்று கேட்டேன். "உங்களுக்குக் கை நடுங்கும் அப்பா, வேணாம். மண்ணு காய்ஞ்சா தானா விழும்" என்றாய். மண் காய்ந்தது. அவை விழவில்லை. ஒரு காலையில் மொட்டையன் வாலை நீட்டிக்கொண்டு கிடந்தான். உயிரோடு இருக்கும்போது வால் ஒருநாளும் அப்படி நீண்டு கிடந்ததில்லை. அதைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. கறிவேப்பிலை மரத்தடியில் புதைத்தேன். உனக்குச் சொன்னபோது "பரவாயில்லப்பா" என்றாய். உன் பின்னால் ஜன்னலில் வெளிச்சமே இல்லை. பகலா இரவா என்று கேட்டேன். "பகல்தான்" என்றாய்.

தை பிறந்ததும் இங்கே குளிர் வந்தது. உன் ஊர்க் குளிரோடு பார்த்தால் அது குளிரே இல்லை என்று நீ சிரித்திருப்பாய், ஆனால் அந்த மாதத்தில் நீ சிரிக்கவில்லை. காலையில் பெட்டிகள் சில்லென்றிருந்தன. இரண்டும் அசையாமல் கிடந்தன. விட்ட கரப்பான் அப்படியே மண்ணில் ஓடித்திரிந்தது. குளிரில் அவை தின்னாது, திணிக்கக் கூடாது, தின்னாததை வெளியே எடுத்துவிட வேண்டும் என்று நீ முன்பே சொல்லியிருந்தாய். ஆனாலும் எனக்கு மனம் கேட்கவில்லை. மேசை விளக்கை இழுத்து வந்து பெட்டிப் பக்கத்தில் எரியவிட்டேன். அம்மா ஒரு பழைய கம்பளிச் சால்வையைக் கொண்டுவந்து பெட்டிகளைச் சுற்றினாள். பூனைக்குட்டி கேட்டவள் அவள்தான்.

அந்த நாட்களில்தான் உன் பேச்சு குறைந்தது. முதலில் ஒருநாள் விட்டு ஒருநாள். பிறகு கிழமைக்கு ஒருமுறை, அதுவும் படம் இல்லாமல் குரல் மட்டும். "வேல கூடப்பா", "தூங்கப் போறேன்பா", "நாளைக்கு எடுக்கிறேன்". மாசி மாதம் பிறந்தபோது அதுவும் இல்லை. நாங்கள் அனுப்பிய செய்திகள் பார்க்கப்படாமலே கிடந்தன. அம்மா ஒவ்வொரு நாளும் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்து, செருப்பைக் கழற்றும் முன்பே "எடுத்தாளா?" என்று கேட்பாள். நான் இல்லை என்று தலையாட்டுவேன். கடையில் ஒருவர் உன்னைப் பற்றி விசாரித்தார். நல்லா இருக்கா, நல்லாப் படிக்கிறா என்று சொன்னேன். சொல்லிவிட்டுச் சேலையை மடித்தேன், மடிப்பு சரியாக வரவில்லை. எத்தனை வருடமாகச் செய்கிற வேலை.

உன்னோடு ஒரே வீட்டில் இருந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளை ஒருநாள் என் நம்பரைத் தேடி எடுத்துப் பேசினாள்.

"வணக்கம் அங்கிள். நான் அவவோட இருக்கிறன். பயப்பிடாதேங்கோ. அவ கனநாளா வெளியில வாறேல்லை. வகுப்புக்கும் போறேல்லை. சமைச்சுக் கதவடியில வைக்கிறன், சில நாள் எடுக்கிறா, சில நாள் அப்பிடியே கிடக்குது."

"என்னம்மா வருத்தம்? காய்ச்சலா?"

"காய்ச்சல் இல்லை அங்கிள். மனசுதான். டொக்டரிட்டக் கூட்டிக்கொண்டு போனனான். மருந்து தந்திருக்கினம். இஞ்ச இருட்டுக் காலத்தில கனபேருக்கு வாறதாம்."

"போனை அவகிட்ட ஒருக்காக் குடுக்க ஏலுமா?"

"கேட்டனான் அங்கிள். ஏலாதெண்டு தலையாட்டுறா."

நான் அந்தப் பிள்ளைக்கு நன்றி சொன்னேனா என்று எனக்கு நினைவில்லை. சொல்லியிருக்க மாட்டேன். அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னதும் அவள் உடனே உன் அலுமாரியைத் திறந்து, உள்ளே இருந்த எல்லாவற்றையும் வெளியே எடுத்து, ஒவ்வொன்றாகத் திரும்ப மடித்து வைத்தாள். விசாவுக்கு ஓடினேன். கொழும்புக்குப் போய் வந்தேன். அது வேண்டும் இது வேண்டும் என்றார்கள். ஒருவரும் மரியாதைக் குறைவாக நடக்கவில்லை. ஆனால் எவரிடம் கேட்டாலும் பதில் மாதக்கணக்கில் தள்ளித்தான் இருந்தது. உன் அம்மா தலதா மாளிகைக்கும் போனாள், கதிரேசன் கோயிலுக்கும் போனாள், ரசீன் நானாவின் மனைவியிடம் சொல்லிப் பள்ளிவாசலிலும் துஆக் கேட்க வைத்தாள். நான் என்ன செய்தேன்? காலையிலும் மாலையிலும் இரண்டு பெட்டிகளுக்குத் தண்ணீர் தெளித்தேன். உனக்கென்று செய்யக் கைக்கு எட்டிய வேலை அது ஒன்றுதான்.

அந்தக் கோடையில் சின்னவனும் போனான். அதை நான் முழுதாகச் சொல்ல வேண்டும். பங்குனியில் காற்று காய்ந்து, மேட்டுப் பக்கம் புல்லெல்லாம் மஞ்சளாகி, குழாயில் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வந்தது. சின்னவன் தின்பதை நிறுத்தியிருந்தான். குளிரில் நிறுத்தியதுபோல இதுவும் போய்விடும் என்று நினைத்தேன். உடம்பு உப்பி, நிறம் மங்கி இருந்தான். தோல் கழற்றப் போகிறான் என்று உனக்கு ஒரு பார்வையில் தெரிந்திருக்கும். எனக்குத் தெரியவில்லை. படம் எடுத்து அனுப்பினேன். பதில் இல்லை. அந்த நேரத்தில் மண்ணை நன்றாக ஈரமாக வைத்திருக்க வேண்டுமாம், பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். நான் தெளித்த தண்ணீர் அந்த வறட்சிக்குப் போதவில்லை. ஒரு ஞாயிறு மதியம் பார்த்தபோது பழைய தோலிலிருந்து பாதி வெளியே வந்திருந்தான். தலையும் கொடுக்குகளும் வெள்ளையாக, புதிதாக, ஈரமாக. மீதி உள்ளே சிக்கிக் கிடந்தது. அம்மாவைக் கூப்பிட்டேன். இரண்டு பேரும் பெட்டிக்கு முன்னால் முழங்கால் போட்டு உட்கார்ந்தோம்.

"கொஞ்சம் இழுத்து விடுங்களேன்" என்றாள் அம்மா.

"தொடக் கூடாதுன்னு சொல்லியிருக்கா. புதுத் தோல் கிழிஞ்சு போயிரும்."

"அப்ப பாத்துக்கிட்டே இருக்கிறதா?"

பார்த்துக்கொண்டே இருந்தோம். பெட்டியைச் சுற்றி ஈரத் துவாய் போட்டோம். அவன் இழுத்தான், ஓய்ந்தான், இழுத்தான். மாலை தேநீர் நேரத்துக்குள் அசைவு நின்றுவிட்டது. அம்மா எழுந்து போய்ச் சமையலறையில் அழுதாள். ஒரு தேளுக்காக அழுகிறோம் என்று எங்கள் இருவரில் ஒருவரும் நினைக்கவில்லை.

வைகாசி முடிந்து ஆனியில் தென்மேற்கு மழை. அந்த மழையில்தான் பெரியவள் குட்டி போட்டாள். அவள் மேட்டிலிருந்து வரும்போதே வயிற்றில் சுமந்திருக்கிறாள், வருடம் முழுக்கச் சுமந்திருக்கிறாள். காலையில் மூடியைத் திறந்தேன், அவள் முதுகில் வெள்ளை அரிசியைக் கொட்டினாற்போல இருந்தது. அரிசி அசைந்தது. ஒவ்வொன்றுக்கும் இம்மியளவு கொடுக்கு, இம்மியளவு வால். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தாள். "எம்மாம் பிள்ளைங்க, இவளுக்கு" என்றாள். நான் படம் எடுத்து உனக்கு அனுப்பினேன். முதல் முறையாக அந்தச் செய்தி பார்க்கப்பட்டது. பதில் வரவில்லை. ஆனால் நீ பார்த்தாய். அன்றைக்கு நான் கடைக்குப் பாடிக்கொண்டு போனேன், உன் அம்மாதான் சொன்னாள்.

மழை விடவேயில்லை. மூன்றாம் நாளோ நான்காம் நாளோ காலை பதினொரு மணிபோல கிராம சேவகர் ஒலிபெருக்கியோடு வந்தார். மேட்டில் வெடிப்பு கண்டிருக்கிறது, மேட்டடியில் இருக்கிற வீடுகள் எல்லாம் உடனே எழும்பிப் பாடசாலைக்குப் போங்கள் என்று சிங்களத்திலும் தமிழிலும் மாறி மாறிச் சொன்னார். ரசீன் நானா மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். அவர் முகத்தில் இரத்தமே இல்லை.

"அண்ணன், எழும்புங்க. எடுக்க ஈக்கிறத எடுங்க. கொங்கிறீட்டே வெடிச்சீக்கி."

அம்மா அடையாள அட்டைகளையும் மருந்துப் பையையும் எடுத்தாள். நான் பெரியவளின் பெட்டியை எடுத்தேன். குட்டிகள் முதுகில் இருக்கும்போது பெட்டியை ஆட்டக் கூடாது, வெளிச்சம் படக் கூடாது, சத்தம் கூடாது என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன? விட்டுவிட்டுப் போனால் மண்ணுக்குள் போகும். ஓட்டோவில் மடியில் வைத்துக்கொண்டேன். பாதை முழுக்கக் குழி. ஒவ்வொரு குழியிலும் என் கைகளைத்தான் திட்டினேன், அவை அதைவிட உறுதியாகப் பிடிக்கத் தெரியாதவை.

பாடசாலை மண்டபத்தில் பாய் விரித்துப் பல குடும்பங்கள் இருந்தன. பக்கத்தில் இருந்த ஒரு தாய், "அண்ணே, பெட்டியில என்ன, கோழிக் குஞ்சா?" என்று கேட்டாள். பொய் சொல்ல வாய் வரவில்லை. நட்டுவாக்காலி என்றேன். அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். மண்டபம் முழுக்க எழுந்தது.

"என்னா மனுசன்யா நீங்க? சின்னப் பிள்ளைங்க படுக்கிற இடம். வெளிய கொண்டு போய் வீசுங்க!" என்றார் ஒருவர்.

அவர்மேல் எனக்குக் கோபமில்லை. ஒரு வருடத்துக்கு முன் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு விறாந்தைக்குப் போனேன். சாரல் அடிக்காத மூலை தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் இருந்தது. அங்கே தரையில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் ரசீன் நானா இரண்டு பிளாஸ்டிக் கதிரைகளை இழுத்துக்கொண்டு வந்தார். ஒன்றில் என்னை உட்கார வைத்தார், மற்றதில் அவர் உட்கார்ந்தார். பெட்டியை ஓரக்கண்ணால் பார்த்தார். "இது எல்லாம் ஏன்ட மேட்டுல இருந்ததுதானே" என்று மட்டும் சொன்னார்.

மூடியில் போட்டிருந்த காற்று ஓட்டையின் வழியாக உள்ளே பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம். பெரியவள் கொடுக்கைப் பின்னால் மடக்கி, முதுகிலிருந்து ஒரு குட்டியை எடுத்தாள். சரிந்ததைத் திரும்ப ஏற்றி வைக்கிறாள் என்று நினைத்தேன். அவள் அதை வாய்க்குக் கொண்டு போனாள். பிறகு இன்னொன்று. அவசரமில்லாமல், கோபமில்லாமல், ஏதோ வீட்டு வேலை மாதிரி. என் வாயிலிருந்து என்ன சத்தம் வந்ததோ தெரியாது, ரசீன் நானா என் தோளைப் பிடித்தார். நான் போனை எடுத்து உன் நம்பரை அழுத்தினேன். நீ எடுக்க மாட்டாய் என்று தெரியும். வேறு யாரைக் கூப்பிட?

நீ எடுத்தாய்.

திரை இழுத்த அறையில் முகம் இருட்டாக இருந்தது. தலைமுடி கன்னத்தில் ஒட்டியிருந்தது. "என்னப்பா" என்றாய். போனைத் திருப்பிப் பெட்டியைக் காட்டினேன்.

"எப்ப இருந்து?"

"இப்பத்தான். ஓட்டோவில குலுங்கிருச்சு மகள். வீட்ட விட்டு வந்துட்டோம், மேடு வெடிச்சிருக்கு. நான் என்ன செய்ய? கைய விட்டுப் பிரிச்சு எடுக்கவா?"

"வேணாம். கைய விடாதீங்க. துணி இருக்கா?"

"அம்மாவோட துவாய் இருக்கு."

"அதப் போட்டு மூடுங்க. நல்லா இருட்டாக்குங்க. கீழ வைங்க, மடியில வேணாம். இனிப் பாக்காதீங்க."

"எல்லாத்தையும் தின்னுருவாளா?"

"தெரியாதுப்பா."

மூடினேன். கீழே வைத்தேன். நீ போனை வைத்துவிடுவாய் என்று நினைத்து, உன் குரலைக் கேட்ட அந்தக் கொஞ்ச நேரத்தை எப்படி நீட்டுவது என்று தெரியாமல் திண்டாடிக்கொண்டிருந்தேன். அப்போது நீதான் சொன்னாய்: "போன வச்சிராதீங்க அப்பா."

வைக்கவில்லை. கூரையில் மழை விழுகிற சத்தம் உனக்குக் கேட்டிருக்கும். உன் பக்கத்தில் மூச்சு மட்டும் எனக்குக் கேட்டது. அம்மா உள்ளேயிருந்து வந்து, போனைப் பார்த்து, என் காலடியில் உட்கார்ந்தாள். ரசீன் நானா தாழ்ந்த குரலில், "புள்ளயா? பேசுதா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனார். போனில் சார்ஜ் முடியும்வரை நாம் மூவரும் அப்படியே இருந்தோம். அந்தப் பெட்டிக்குள் நடந்ததை என்னால் நிறுத்த முடியவில்லை. உனக்குள் நடந்ததையும் அப்படித்தான். அதை நான் அன்றைக்குத்தான் ஒத்துக்கொண்டேன். அதற்கு முன் மாதக்கணக்கில், சரியான ஒரு வார்த்தையைச் சொன்னால் நீ எழுந்து உட்கார்ந்துவிடுவாய் என்றே நம்பிக்கொண்டிருந்தேன். உன்னைத் தேளோடு ஒப்பிடுகிறேன் என்று நினைக்காதே, அம்மா வாசித்தால் என்னைத் திட்டுவாள்.

மேடு முழுதாக இறங்கவில்லை. ரசீன் நானாவின் குளியலறையும் நம் பின்மதிலும் போயின, அதோடு நின்றது. வீட்டுக்குத் திரும்பிச் சில நாட்கள் கழித்துத் துவாயை எடுத்தோம். பெரியவளின் முதுகில் நாலைந்து குட்டிகள் மிஞ்சியிருந்தன. மற்றவற்றைத் தின்றவள் இவற்றை ஏன் விட்டாள் என்று உன்னைக் கேட்டேன். அதற்கும் தெரியாது என்றாய். படித்த பிள்ளை தெரியாது என்று சொல்வதைக் கேட்க அப்போது எனக்கு நிம்மதியாக இருந்தது.

ஆவணியில் நீ வந்தாய். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் உன்னைப் பார்த்ததும் அம்மா உன் கை மணிக்கட்டைப் பிடித்தவள் வீடு வரும்வரை விடவில்லை. நீ நாள் முழுக்கத் தூங்கினாய். சாப்பாட்டைக் கதவடியில் வைக்கவா, மேசையில் வைத்துக் கூப்பிடவா என்று நானும் அம்மாவும் சமையலறையில் குசுகுசுத்துக்கொண்டோம். ஒருநாள் அம்மா பொறுக்க முடியாமல் உன் கட்டிலில் உட்கார்ந்து, "எங்களால என்னடி செய்ய ஏலும், அதையாவது சொல்லு" என்று கேட்டாள். நீ சுவரைப் பார்த்துக்கொண்டு, "ஒண்ணும் ஏலாதும்மா. சும்மா இருங்க" என்றாய். அவள் வெளியே வந்து, "சும்மா இருக்கச் சொல்றா" என்று என்னிடம் சொன்னாள். சும்மா இருப்பது எப்படி என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. அவள் பருப்பு கழுவினாள், நான் ஏற்கனவே துடைத்த கதிரையைத் துடைத்தேன்.

குட்டிகள் கறுத்து, முதுகை விட்டு இறங்கித் தனித்தனியாகியிருந்தன. ஒரு தூறல் காலையில் நீயே எழுந்து வந்து, அவற்றைத் தயிர்ச் சட்டிகளில் போட்டு, மேட்டின் மேல் பக்கம் வெட்டாத மூங்கில் புதருக்குக் கொண்டு போனாய். நானும் குடையோடு வந்தேன். ஒவ்வொரு சட்டியாகச் சரித்தாய். ஒன்று உன் செருப்பைத் தாண்டி இலைக்குள் போனது. "பிழைக்குமா?" என்று கேட்டேன். "பாதி பிழைக்காது. ஆனா இங்கதான் இருக்கணும்" என்றாய். அன்றைக்கு நீ இரண்டு தரம் சோறு போட்டுக்கொண்டாய். அம்மா பார்க்காத மாதிரி இருந்தாள்.

திரும்பிப் போகிறேன் என்று நீ சொன்னபோது எனக்கு வந்த கோபத்தை இப்போது சொல்லிவிடுகிறேன். மறுபடியும் அந்த இருட்டுக்கா என்று கத்தத் தோன்றியது. பாஸ்போர்ட்டை எடுத்து ஒளித்து வைக்கலாமா என்றுகூட நினைத்தேன். பெரிய பிள்ளையின் பாஸ்போர்ட்டை ஒளித்து வைக்கிற தகப்பனாக நான் இருக்க முடியாது. போகாதே என்று சொல்ல எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை, போ என்று சொல்ல மனமும் இல்லை. அதனால்தான் வேனில் உன் பெட்டியை ஏற்றிவிட்டுக் காலநிலையைப் பற்றிப் பேசினேன்.

புத்தி சொல்ல ஆசைப்படுகிறேன், என்ன சொல்வது? இருட்டுக் காலம் தொடங்கும் முன்பே டொக்டரிடம் போ, மோசமான பிறகு போகாதே. அந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளை கதவைத் தட்டினால் திட்டாதே, அவளுக்கு எங்கள் அன்பைச் சொல். பேச முடியாவிட்டால் பேசாதே, போனைத் திறந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் படு. நாங்கள் சத்தம் போட மாட்டோம். படிப்பு முடியாவிட்டால் முடியாமல் வா. கடையில் யார் என்ன கேட்டாலும் நான் பார்த்துக்கொள்கிறேன். பெரியவளுக்கு இப்போது வயது போய்விட்டது, அசைவு குறைந்துவிட்டது. இந்த மழையைத் தாண்டுவாளா தெரியாது. அவள் போனால் உடனே சொல்கிறேன், நீ பலமாக இருக்கிற நாள் பார்த்துச் சொல்வோம் என்று காத்திருக்க மாட்டேன். நீயும் எங்களிடம் அப்படியே இரு.

நேற்று மத்தியானம் அம்மா உனக்குச் சாப்பிட்டாயா என்று செய்தி அனுப்பினாள். வெகு நேரம் கழித்துப் பதில் வந்தது. சாப்பிட்டேன் என்று ஒரே வார்த்தை. அவள் அதை எனக்கு வாசித்துக் காட்டினாள், பிறகு தனக்குள் ஒருமுறை வாசித்தாள். அது உண்மையா என்று தெரிந்துகொள்ள எங்களுக்கு ஒரு வழியும் இல்லை. அம்மா இரண்டு பீங்கான் தட்டில் சோறு போட்டாள். நாங்களும் சாப்பிட்டோம்.

அப்பா